மொட்டை மாடி மரத்தளம் மழையில் இற்றுப்போகாமல் இருக்க

திருவான்மியூரில் எங்கள் மொட்டை மாடியில் போட்ட முதல் மரத்தளம் மூன்று மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து ஒரு வாரம் கழித்து, துளசித் தொட்டியை நகர்த்தப் போனேன். கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. மேலே வார்னிஷ் பளபளப்பு அப்படியே இருந்தது. அடியில் பலகைகளைத் தாங்கிய ரீப்பர் கட்டை, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பார்க்க வந்த ஆசாரி, "தண்ணி உள்ள போனது தப்பில்ல சார். வெளிய வர வழியே விடல பாருங்க, அதான்" என்றார்.

மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. நம் ஊர் காற்று எவ்வளவு புழுங்கினாலும், மழை படாத மரம் 15 சதவீதத்தை ஒட்டித்தான் ஈரம் வைத்திருக்கும். அதனால் புழுக்கத்தின் மேல் பழி போட வேண்டாம், தேங்கும் தண்ணீர்தான் வேலையைக் காட்டுகிறது. கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்ததும் கட்டவிழ்த்துக் காயப்போடுவார்களே, அதே கணக்குதான்.

எப்போது ஆரம்பிப்பது

பிப்ரவரி கடைசி, மார்ச். வடகிழக்குப் பருவமழையில் குடித்த தண்ணீரை மரம் அதற்குள் விட்டிருக்கும். மே மாத வெயிலில் செய்தால் எண்ணெய் உள்ளே இறங்கும் முன்பே மேலேயே காய்ந்துவிடும். ஆகஸ்டில் சாயங்கால மழை எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது.

குத்திப் பாருங்கள்

ஸ்க்ரூடிரைவர் முனையால் பலகையின் வெட்டுமுனைகளையும், திருகாணி சுற்றியுள்ள இடத்தையும், தொட்டி வைத்திருந்த இடத்தையும் அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். முனை சுலபமாக இறங்கினால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். மேலே என்ன பூசினாலும் வீண். புதுப்பலகை வாங்கும்போது மரவாடியில் தேக்கு என்ற பெயரோடு நிறுத்தாமல், உள்மரமா என்று பாருங்கள். வெளிர் நிறத்தில் ஓரமாக ஓடும் வெள்ளைப் பகுதி தேக்கிலும் சீக்கிரம் போய்விடும்.

அடிப்பக்கம்

எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. பலகைகளைக் கழற்றிவிட்டு அடியைப் பாருங்கள். ரீப்பர் நேராகத் தளத்தில் உட்கார்ந்திருந்தால், மழைநீர் போகும் வழியை அது அணை மாதிரி மறிக்கும். சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரானைட் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக அடியில் வைத்து ரீப்பரைத் தூக்கிவிடுங்கள். ரீப்பர் ஓடும் திசை, தண்ணீர் குழாய்க்கு ஓடும் திசையாகவே இருக்கட்டும். தளத்தில் துளை மட்டும் போடாதீர்கள். மரத்தைக் காப்பாற்றப் போய்க் கீழ்வீட்டுக் கூரையை ஒழுக விட்ட கதையாகிவிடும்.

பலகையும் ரீப்பரும் ஒட்டும் இடத்தில்தான் ஈரம் பதுங்கும். ரீப்பரின் மேல்முகத்தில் நீளவாக்கில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டும் நாடா) ஒட்டுங்கள், திருகாணி துளைத்தாலும் அது பிசின் போல் சுற்றி இறுக்கிக்கொள்ளும். பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். மார்ச்சில் அகலமாகத் தெரியும், நவம்பரில் மரம் ஊதியதும் சரியாகிவிடும். இரும்பு ஆணி வேண்டாம், தேக்கைச் சுற்றிக் கறுப்பாகக் கறை விடும். கடற்கரைப் பக்கம் என்றால் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் உப்புக்காற்றுக்கு 304 வகையைவிட நன்றாகத் தாங்கும்.

சுத்தம், போரிக் கரைசல்

தண்ணீர் பீய்ச்சும் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, தேங்காய் நார் பிரஷும் சோப்புத் தண்ணீரும் எடுங்கள். மெஷின் வேகத்தில் நார் கிளம்பிவிட்ட மரம் தண்ணீரை இன்னும் குடிக்கும். கறுத்த கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கேட்கும். அது விஷம், கையுறை போட்டுத் தொட்டு, பிறகு நன்றாக அலசுங்கள்.

மூன்று நல்ல வெயில் நாள் காயட்டும். அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, நான்கு பக்கமும் இரண்டு முறை பூசுங்கள். பூஞ்சைக்கும் கரையானுக்கும் இது ஆகாது. குழந்தைகளையும் வீட்டு நாயையும் அந்தப் பக்கம் விட வேண்டாம். ஒரே குறை, மழை இதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மேலே எண்ணெய் கட்டாயம்.

எண்ணெய்

வார்னிஷ் மேலே தோலாக நிற்கும். வெயிலில் தோல் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மாட்டிக்கொள்ளும். என் பலகைக்கு நடந்தது அதுதான். உள்ளே ஊறுகிற டெக்கிங் ஆயில் கேட்டு வாங்குங்கள். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் நம் ஊரில் பூசணத்துக்குச் சாப்பாடு.

உப்புத்தாள் லேசாகப் போட்டு, தூசி துடைத்து, காலை வேளையில் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். 20 நிமிடத்தில் மரம் குடிக்காமல் மிச்சம் வைத்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. வெட்டுமுனைகளுக்கு மட்டும் அது குடிப்பதை நிறுத்தும்வரை கொடுங்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி மரம் தண்ணீர் இழுப்பது அந்த வழியாகத்தான். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

பிறகு

தொட்டிகளைக் கால் வைத்த ஸ்டாண்டில் ஏற்றுங்கள். தீபாவளிக்கு முன்பு ஒருநாள், பழைய ஹாக்ஸா பிளேடால் இடைவெளிகளில் அடைந்த வேப்பிலையைக் கிளறி எடுங்கள். மழை முடிந்து ஜனவரியில் பலகை மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இந்த வருடம் எண்ணெய்ச் செலவு மிச்சம். ஐந்து நிமிடத்தில் ஊறிவிட்டால் மார்ச்சுக்கு ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.