சென்சார் வாங்கும் முன்: வருகிறவர் என்ன செய்வார்?

வருகிறவரின் அசைவுக்கேற்ப இயங்கும் கலைப் படைப்புக்கு, அதாவது இன்ஸ்டலேஷனுக்கு, பாகம் வாங்க உட்கார்ந்ததும் கடைப் பக்கத்தைத் திறந்துவிடாதீர்கள். முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: வருகிறவர் கிட்டே வருவாரா, தொடுவாரா, ஒரே இடத்தில் நிற்பாரா? இது தெரிந்தால் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

நிற்பார் என்றே வைத்துக்கொள்வோம். பி.ஐ.ஆர். சென்சார் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது கவனிப்பது உடல்சூடு நகர்வதைத்தான். படைப்பில் லயித்து ஒருவர் அசையாமல் நின்றால், அதன் கணக்கில் அங்கே ஆளே இல்லை, விளக்கு அணைந்துவிடும். யார் அதிக நேரம் ரசிக்கிறாரோ அவருக்குத்தான் இருட்டு! இந்த மாதிரி இடத்துக்கு எல்.டி.2410 போன்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல் வாங்குங்கள். மூச்சில் மார்பு ஏறி இறங்குவதே அதற்குப் போதும். மெல்லிய பலகைக்குப் பின்னால் ஒளித்தும் வைக்கலாம். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பவரையும் அது பிடித்துவிடும் என்பதால் தூர எல்லையைக் குறைத்து வையுங்கள்.

ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துத் தூரம் அளக்க எல்லாரும் முதலில் வாங்குவது ஹெச்.சி-எஸ்.ஆர்.04, இரண்டு வெள்ளிக் கண்கள் வைத்த அந்தச் சின்னப் பலகை. 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை என்று போட்டிருக்கும். நான் மேஜையில் ஓர் அட்டையைக் காட்டிப் பார்த்து, அளவு சரியாக வந்ததும் எட்டு வாங்கிவிட்டேன். அரங்கில் தடித்த கம்பளிச் சட்டையோடு ஒருவர் வந்து நின்றார், எண்கள் தாறுமாறாகக் குதித்தன. துணி ஒலியை உறிஞ்சுகிறது, சாய்ந்த பரப்பு அதை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது, அடுத்தடுத்து வைத்தாலோ ஒன்றின் எதிரொலியை இன்னொன்று கேட்கிறது. இன்னொரு விஷயம், வழக்கமான பலகையில் அளவைச் சொல்லும் எக்கோ பின் 5 வோல்ட் தரும், சென்சாரைப் படிக்கும் குட்டிக் கணினியான இ.எஸ்.பி.32 தாங்குவது 3.3 தான்; இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும், அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

துணிக்கு ஒளியால் அளக்கும் வி.எல்.53.எல்.1.எக்ஸ். எவ்வளவோ மேல், நேர் வெயில் மட்டும் ஆகாது. இந்த வகைச் சென்சார் எல்லாமே 0எக்ஸ்29 என்ற ஒரே ஐ2சி முகவரியோடு (ஒரே ஒயரில் பல சென்சார்களைப் பிரித்தறியும் எண்) வருவதால், ஒன்றுக்கு மேல் வாங்கினால் எக்ஸ்ஷட் பின் பலகையின் ஓரத்துக்கு வந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பின் வழியாகத்தான் ஒவ்வொன்றாக எழுப்பி வேறு முகவரி கொடுக்க முடியும்.

சரி, எங்கே வாங்குவது? சோதனைக்கு அடாஃப்ரூட், ஸ்பார்க்ஃபன் என்ற இரண்டு நிறுவனங்களின் பலகைகள். விலை கூடுதல்தான், ஆனால் தயாராக எழுதிய நிரலும் (லைப்ரரி) விளக்கமும் கூடவே கிடைக்கும், இருவரின் ஸ்டெம்மா கியூடி, குவிக் கேபிள்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும், பற்றவைக்கும் வேலையே இல்லை. எது வேண்டும் என்று உறுதியான பிறகு டிஜி-கீ, மௌசர் போன்ற பெரிய பாக விற்பனையாளர்கள் பக்கம் போங்கள். அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் உற்பத்தி நிலை போட்டிருப்பார்கள், 'ஆக்டிவ்' (இன்னும் தயாரிப்பில் உள்ளது) இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆள் அசைவைப் பிடிக்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராவை நம்பிப் படைப்பு செய்தவர்கள் 2017-ல் அதன் தயாரிப்பு நின்றதும் பழைய சரக்கைத் தேடி அலைந்தார்கள். யார் வேண்டுமானாலும் விற்கும் சந்தைத் தளங்களில் சுவிட்ச், ஒயர், பெட்டி வாங்கலாம், சிப் வேண்டாம், டி.எஸ்.18.பி.20 வெப்பமானியில் போலி அவ்வளவு புழங்குகிறது.

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டபிள்யூ.எஸ்.2812.பி எல்.இ.டி. ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 300 இருந்தால் 18 ஆம்பியர், அதுவும் ஆட்கள் நடமாடும் இடத்தில். பாதுகாப்புச் சான்று உள்ளதை, கணக்குக்கு மேலேயே கொஞ்சம் கூட்டி வாங்குங்கள்.

எதுவானாலும் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, வைக்கப்போகும் இடத்திலேயே, அதே வெளிச்சத்தில், வேறு வேறு உடை போட்ட நாலு பேரை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் மொத்தத்தையும் உதிரியோடு சேர்த்து ஒரே ஆர்டரில் போடுங்கள், பத்துக்குக் குறைந்தது இரண்டு கூடுதலாக. அந்த உதிரிகளை எந்த ஒயர் எந்தப் பின் என்று எழுதிய தாளோடு ஒரு பையில் போட்டு அரங்கிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்து மாற்றப்போகிறவர் அங்கே வேலை செய்பவராகத்தான் இருப்பார்.