ஜப்பானியக் குடும்பத்துடன் கிறிஸ்துமஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் டிசம்பர் 25 விடுமுறை நாள் அல்ல. இதை மட்டும் முதலிலேயே மனத்தில் பதியவைத்துக்கொண்டால், அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிக் கிறிஸ்துமஸைக் கழிக்கப் போகிறவர்களின் ஏமாற்றத்தில் பாதி குறைந்துவிடும். அன்று வங்கிகள் திறந்திருக்கும், தபால் வரும், வீட்டின் தந்தை வழக்கமான ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவார். அலுவலகத்தில் ஆண்டிறுதி விருந்து இருந்தால் இரவு தாமதமாகத்தான் திரும்புவார். நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு. நவம்பரிலேயே ரயில் நிலையங்களில் விளக்கு அலங்காரம் தொடங்கிவிடும். கடைக்குக் கடை கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஊரே 25-ஆம் தேதி காலை புத்தாடை உடுத்திக் கூடப்போகிறது என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. அன்று காலை பத்து மணிக்கு வீட்டில் நீங்கள் மட்டும் இருக்க நேரலாம். அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: தேவாலயம், நண்பர் ஒருவரைச் சந்திப்பது, சமையல், எதுவானாலும் சரி. வீட்டை நினைத்து ஏங்குவது அந்த வெற்றுக் காலையில்தான் அதிகம்.

24-ஆம் தேதி மாலை

அவர்களுடைய கிறிஸ்துமஸ் பெரும்பாலும் இந்த ஒரு மாலைக்குள் அடங்கிவிடுகிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீடானால் பொரித்த கோழியும் கேக்கும் மேசைக்கு வரும். விடிந்ததும் பிள்ளைகளின் தலையணை அருகே சான்டா வைத்த பரிசு இருக்கும். இளைஞர்களுக்கோ அது காதலர் மாலை. அந்த வீட்டுக் கல்லூரி மாணவி அன்று உங்களை விட்டுவிட்டு வெளியே போனால், உங்களைப் புறக்கணித்துவிட்டதாக எண்ணாதீர்கள். வாரக்கணக்கில் முன்பே உணவகத்தில் இடம் பதிவு செய்திருப்பார்.

கோழி பற்றி. கே.எஃப்.சி. ஜப்பானில் முதல் கடையைத் திறந்தது 1970-இல். கிறிஸ்துமஸுக்கான விளம்பரத்தை நாடு முழுவதும் தொடங்கியது 1974-இல். அரை நூற்றாண்டில் அது குடும்ப வழக்கமாகவே ஊன்றிவிட்டது. பல வீடுகள் பெரிய வாளிப் பெட்டியை வாரங்களுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுகின்றன. ஆகவே "24-ஆம் தேதி நான் போய் வாங்கி வருகிறேன்" என்று கடைசி நேரத்தில் முன்வருவது உதவியாக இருக்காது. செலவில் பங்கேற்க விரும்பினால் நவம்பர் கடைசியிலேயே கேட்டுவிடுங்கள். கேக்கும் அப்படித்தான். வெள்ளை கிரீமும் சிவந்த ஸ்ட்ராபெரியும் வைத்த மெத்தென்ற கேக் அது; 1910-இல் யோகொஹாமாவில் தொடங்கிய ஃபுஜியா நிறுவனத்துக்கு அதைப் பரப்பியதில் பெரும் பங்கு உண்டு. நம் ஊர்ப் பிளம் கேக்கை அங்கே தேடிக்கொண்டிருக்காமல், முடிந்தால் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ரம் ஊற்றியதா என்பதை மட்டும் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த வழக்கங்களைப் பார்த்து "இதெல்லாம் ஒரு கிறிஸ்துமஸா?" என்று சிரிப்பவர்களை நான் அறிவேன். இதைத் தவறுகளிலேயே மோசமானதாகக் கருதுகிறேன். முதலாவது, உங்களுக்காக ஒருவர் கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்த உணவு அது. இரண்டாவது, ஜப்பானுக்குக் கிறிஸ்துமஸ் புதிதல்ல. நம் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே பணியாற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-இல் ககோஷிமாவில் போய் இறங்கினார். அவர் ஜப்பானை விட்டுச் சென்ற பிறகு 1552-இல் யமகுச்சியில் கொண்டாடப்பட்டதே ஜப்பானின் முதல் கிறிஸ்துமஸ் என்று சொல்லப்படுகிறது. அந்நகரம் டிசம்பரில் தன்னைக் கிறிஸ்துமஸ் நகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. பிறகு 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை. அது விலகியது 1873-இல். இடையில் நாகசாகிப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக, குருக்கள் எவரும் இல்லாமல், நம்பிக்கையை மறைத்துக் காத்தார்கள். 1865-இல் ஓஉரா தேவாலயத்துக்கு வந்த உரகாமி கிராமத்தார் தாங்கள் யார் என்பதை பிரெஞ்சுக் குருவிடம் மெல்லச் சொன்னபோதுதான் வெளியுலகுக்கு அது தெரிந்தது. உங்களைத் தங்கவைக்கும் குடும்பம் அந்த வழி வந்ததாகவும் இருக்கலாம். கேட்காமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் கிறிஸ்தவராக இருந்து திருப்பலிக்குப் போக விரும்பினால், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். நள்ளிரவுத் திருப்பலிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்; 24-ஆம் தேதி இரவு ரயில்கள் வழக்கம்போல் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், அப்புறம் யாராவது காரை எடுத்துக்கொண்டு உங்களை அழைக்க வர வேண்டியிருக்கும். பெரிய நகரங்களில் மாலைத் திருப்பலிகள் உண்டு. டோக்கியோவில் யொட்சுயா நிலையத்தருகே உள்ள புனித இஞ்ஞாசியார் தேவாலயத்தில் பல மொழிகளில் வழிபாடு நடக்கிறது. கூட்டம் மிகுதி, சீக்கிரம் போக வேண்டும். வீட்டாரை ஒருமுறை அழைக்கலாம். தயங்கினால் அத்துடன் விட்டுவிடுவதே மரியாதை.

இன்னொரு சிறு எச்சரிக்கை: கோபே நகரின் லுமினாரியே விளக்கு விழாவைக் கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று நினைத்து டிசம்பரில் அங்கே போகத் திட்டமிடாதீர்கள். 1995 பூகம்பத்தில் இறந்தோரின் நினைவாக அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது அது. 2024 முதல் ஜனவரியில் நடக்கிறது.

பரிசும் பெட்டியும்

பெரியவர்கள் தங்களுக்குள் கிறிஸ்துமஸ் பரிசு மாற்றிக்கொள்வது அங்கே பரவலான வழக்கமல்ல. விலையுயர்ந்த பட்டுப்புடவையையோ வெள்ளிக் குத்துவிளக்கையோ 24-ஆம் தேதி நீட்டினால், வாங்கியவருக்கு மகிழ்ச்சியோடு கடனும் சேர்ந்துவிடும். அதற்கு ஈடாக ஏதாவது திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று எண்ணுவார். வீட்டுக்குள் நுழையும் முதல் நாளே, ஊரிலிருந்து கொண்டுவந்த சிறு பொருளைக் குடும்பம் முழுமைக்குமாகக் கொடுப்பதுதான் பொருத்தம். ஒமியாகே என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். இரு கைகளாலும் கொடுங்கள். உடனே பிரிக்காமல் எடுத்து வைத்தால் வருந்த வேண்டாம். நான்கும் ஒன்பதும் சாவையும் வேதனையையும் நினைவூட்டும் எண்கள் என்பதால், நான்கு கிண்ணங்கள் கொண்ட தொகுப்பு வேண்டாம்; மூன்றோ ஐந்தோ வாங்குங்கள்.

முறுக்கு, அச்சுமுறுக்கு, கல்கல் போன்ற உலர்ந்த பலகாரங்கள் நல்ல தேர்வு. ஆனால் இறைச்சி சேர்ந்த எதையும், ஊறுகாய் எண்ணெயில் மூழ்கிய கருவாட்டுக் கறி போன்றவற்றையும் யோசித்துத்தான் கட்ட வேண்டும். இறைச்சிப் பொருள்களை உரிய அரசுச் சான்றிதழ் இன்றி உள்ளே விடமாட்டார்கள். பச்சைப் பழம், காய், கறிவேப்பிலை போன்றவற்றில் பலவற்றுக்குத் தடையே உண்டு; தடை இல்லாதவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலைப் பொட்டலத்தை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போக நேர்வது வருத்தமான தொடக்கம். நம் ஊர் சீரியல் விளக்குச் சரத்தையும் விட்டுவிட்டுப் போங்கள். இங்கே 230 வோல்ட், அங்கே 100. பிளக்கின் வடிவமும் வேறு.

சாப்பாட்டில் நேரும் சங்கடம்

தமிழர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. "நான் சைவம்" என்று சொன்னால் போதாது. இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் சைவம்தான் என்று அன்பாகவே நினைப்பவர்கள் உண்டு. மிசோ சூப்பிலும் காய்க் குழம்பிலும் அடிப்படையாக இருக்கும் தாஷி சாறு பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுக்கப்படுவது. ஜப்பானியக் கறி செய்யப் பயன்படும் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். எனவே பொதுப்பெயர் சொல்லாமல், எதைச் சாப்பிடுவேன், எதைச் சாப்பிடமாட்டேன் என்று பொருள் பொருளாக ஜப்பானிய மொழியில் எழுதி, புறப்படுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். முட்டை, மீன், மாடு, பன்றி, கோழி, மது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கேக்கில் முட்டை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மேசையில் எல்லாம் பரிமாறிய பிறகு சொல்வதுதான் தவறு. அந்த வீட்டு அம்மாவின் ஒரு நாள் உழைப்பு அந்தக் கணத்தில் கண்முன்னே வீணாகிறது. கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் அவர்கள் கடற்பாசியிலோ காளானிலோ சாறெடுத்துச் சமைத்துவிடுவார்கள்.

நீங்களே ஒரு வேளை சமைக்கிறேன் என்பது அருமையான யோசனை. பல குடும்பங்கள் அதற்காகவே ஆவலோடு இருப்பார்கள். ஆனால் சமையலறையைப் பார்க்காமல் மெனு போடாதீர்கள். பெரிய ஓவன் அங்கே அரிது. மைக்ரோவேவோடு சேர்ந்த சிறிய ஓவனும், மீன் சுடும் தட்டும்தான் இருக்கும். முழு வான்கோழி அதில் நுழையாது. தாளிக்கும் புகை பக்கத்து வீட்டுக்கும் போகும். பலகாரம் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது: எண்ணெயைக் கெட்டியாக்கும் பொடி கடையில் கிடைக்கும், சூடாக இருக்கும்போதே கலந்து, ஆறியபின் எரியும் குப்பையில் போடுவார்கள். மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள்.

சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டுவைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் இறுதிச் சடங்கை நினைவூட்டும் செயல்கள். பண்டிகை மேசையில் இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம்.

குளிரும் குளியலும்

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுச் செருப்போடு தாதாமி பாய் விரித்த அறைக்குள் போவதும், கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பதும்தான் நாம் தவறுகிற இடங்கள்.

குளியல் தொட்டியில் குடும்பம் முழுவதும் ஒரே நீரில்தான் மாறி மாறி அமர்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்து, அலசி, முற்றிலும் சுத்தமான பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். விருந்தினர் என்பதால் முதல் முறை உங்களுக்குக் கிடைக்கும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மணி நேரம் ஊறாதீர்கள். பின்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள். எழுந்ததும் நீரைத் திறந்துவிடுவது பெரும் தவறு. மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள், சூடு தங்கும்.

வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவின் வீடுகளை விட்டுவிட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரு அறைதான் சூடாக இருக்கும். நடையும் கழிவறையும் உறையும். இரவு முழுவதும் உங்கள் அறையின் ஏசியை வெப்பத்தில் ஓடவிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுபுறம், குளிரை வாய் திறக்காமல் தாங்கிக் காய்ச்சலில் படுப்பதும் வீட்டாரைத்தான் வருத்தும். இன்னொரு போர்வை கேட்பதில் குறையொன்றுமில்லை. கொதாட்சு என்னும், போர்வை போர்த்தி அடியில் சூடேற்றும் தாழ்ந்த மேசையடியில் கால் நீட்டி உட்கார்ந்தால் எழவே மனம் வராது. அதிலேயே தூங்கிவிடாதீர்கள், உடலை உலர்த்திவிடும்.

ஊரோடு பேசும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். நம் நேரத்தைவிட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே நள்ளிரவுத் திருப்பலி தொடங்கும்போது அங்கே அதிகாலை 3.30. தூத்துக்குடியில் கூடியிருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வீடியோ அழைப்பில் வாழ்த்து முழங்கினால், மெல்லிய சுவருக்கு அப்பால் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் விழித்துக்கொள்வார். விடிந்த பிறகு பேசலாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம்.

26-ஆம் தேதிக்குப் பிறகு

25 இரவோடு கிறிஸ்துமஸ் மரம் மறைந்துவிடும். ஒரே இரவில் கடைகளில் புத்தாண்டுக்கான பைன், மூங்கில், வைக்கோல் அலங்காரங்கள் வந்துவிடும். "இன்னும் ஜனவரி 6 வரை மரம் இருக்கட்டுமே" என்று கேட்காதீர்கள். அந்த வீட்டின் உண்மையான பண்டிகை இப்போதுதான் தொடங்குகிறது. நம் போகிக்கு முந்தைய நாள்களைப் போல மூலைமுடுக்கெல்லாம் துடைத்தெடுப்பார்கள். ஜன்னல் துடைக்க ஒரு துணியை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் அலங்காரத்தைப் பெரும்பாலும் 28-ஆம் தேதிக்குள் வைத்துவிடுவார்கள். 29-உம் 31-உம் ஆகாத நாள்கள். 31 இரவு சோபா என்னும் நூடுல்ஸ், கோயில்களில் 108 மணியோசை, மறுநாள் ஒசெச்சி என்னும் புத்தாண்டு உணவும் முதல் கோயில் பயணமும். சிறு உறையில் ஒதொஷிதாமா பணம் உங்களுக்கும் கிடைத்தால் இரு கைகளால் வாங்கி, தனியே போய்ப் பிரியுங்கள். அந்த ஆண்டு வீட்டில் யாராவது இறந்திருந்தால் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூடாது, அட்டையும் அனுப்பமாட்டார்கள். இதை மெதுவாக முன்பே கேட்டறிவது நல்லது.

அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். வங்கிகள் 31 முதல் 3 வரை. பதிவு வேலைகளையும் கையில் தேவைப்படும் ரொக்கத்தையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் முடிந்தது என்று 27-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுப்பவர்கள் மிகச் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். கேட்காமலே ஜனவரி 4 வரை இருப்பதாக வைத்துக்கொள்வதும் சரியல்ல. புத்தாண்டுக்குப் பல குடும்பங்கள் தாத்தா பாட்டி ஊருக்குப் போகின்றன. நவம்பரிலேயே கேளுங்கள். "நீயும் வா" என்று அழைத்தால் அன்றே ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இருக்கையைப் பதிவு செய்துவிடுங்கள்: ஆண்டிறுதி நெரிசல் நாள்களில் நொஸோமி ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது.