இயக்குநர் குழுவில் பெண்கள்: நிறுவனங்கள் எங்கே தவறுகின்றன?

"தகுதியான பெண் யாரும் கிடைக்கவில்லை" என்று ஒரு நிறுவனம் சொன்னால், தேடலுக்கு எழுதிய தகுதிக் குறிப்பை முதலில் வாங்கிப் பாருங்கள். "சிஇஓ (தலைமை நிர்வாக அதிகாரி) அல்லது சிஎஃப்ஓவாக (தலைமை நிதி அதிகாரி) இருந்தவர்" என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். அந்த நாற்காலிகளில் பெண்கள் குறைவு என்பதால் அந்த ஒரு வரியிலேயே பட்டியல் சுருங்கிவிடும். வகித்த பதவியைக் கேட்காமல் தேவையான திறமையைக் கேளுங்கள்: தணிக்கை, சைபர் பாதுகாப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், ஆலை நிர்வாகம். இருக்கும் உறுப்பினர்களையும் இந்தத் திறமைகளையும் வைத்துக் கட்டம் போட்டால் எது காலி என்று தெரிந்துவிடும். பெயர்கள் மேசைக்கு வருமுன் இதை முடித்துவிட வேண்டும். பிறகு எழுதினால், ஏற்கெனவே மனதில் இருப்பவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு உத்தரவும் தேர்வுக்கு முன்பே அளவுகோலை வகுக்கச் சொல்கிறது.

ஒருவரோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. பத்துப் பேரில் ஒரே பெண் என்றால் அவர் எதைச் சொன்னாலும் 'பெண்கள் தரப்பு' என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்று பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து மாறுபடும். அப்போதுதான் பேச்சு விஷயத்தைப் பற்றியதாகிறது. நார்வே 2003இல் கொண்டுவந்த சட்டம் குழுவின் அளவுக்கேற்ப எண்ணிக்கையையே வகுத்தது: 4 அல்லது 5 பேர் என்றால் ஒவ்வொரு பாலினத்திலும் குறைந்தது 2 பேர், 6 முதல் 8 வரை 3 பேர், 9 என்றால் 4 பேர், அதற்கு மேல் 40 சதவீதம்.

நிறுவனர் குடும்பத்துப் பெண்ணை நியமித்துக் கணக்கை நேர் செய்வதும் உண்டு. அவர் திறமைசாலியாகவே இருக்கலாம், ஆனால் நிறுவனர் தரப்போடு உறவில்லாத சுயாதீன இயக்குநர் ஆகிவிட மாட்டார்.

நியமனத்துக்குப் பிறகு நடக்கும் தவறுகள் வெளியே தெரிவதில்லை. சமூகப் பொறுப்புக் குழுவில் மட்டும் இடம் கொடுத்துவிட்டு, பணமும் அதிகாரமும் பேசப்படும் தணிக்கை, ஊதியம், நியமனக் குழுக்களில் சேர்க்காமல் விடுவார்கள். முந்தைய இரவு விருந்திலேயே நான்கைந்து பேர் பேசி முடித்த விஷயம், மறுநாள் கூட்டத்தில் வெறும் கையெழுத்துக்கு வரும். ஆவணங்கள் ஒரு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போக வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு முந்தைய இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கொடுங்கள். முதல் மாதத்திலேயே தணிக்கையாளரைத் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பதவிக்காலம் முடியும் தேதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கடைசி மாதத்தில்தான் தேடல் தொடங்குகிறது. அவசரத்தில் தெரிந்தவர் பெயரே வந்து விழுகிறது. ஓராண்டு முன்பே தேடலைத் தொடங்குங்கள்; இறுதிப் பட்டியலில் குறைந்தது இரண்டு பெண்களாவது இருக்கட்டும்.