புகையில் சித்தியடைந்த கார் ஓடத் தகுதியான காரா? வன்னியில் அல்டோ வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பழைய சின்னக் கார் ஒன்றைப் பார்க்கப் போனால், விற்பவர் முதலில் எடுத்துக் காட்டுவது புகைப் பரிசோதனைச் சான்றிதழைத்தான். ஒவ்வொரு வருடமும் முதல் தடவையிலேயே சித்தி என்று சொல்லிக் கோவையில் உள்ள தாள்களைப் புரட்டுவார். வாங்க வந்தவரும் அதிலேயே திருப்திப்பட்டுவிடுவார். நான் என் சுசுகி அல்டோவை வாங்கியபோதும் அப்படித்தான் நடந்தது. நான்கு வருடச் சான்றிதழ்கள் இருந்தன, நான்கிலும் அளவுகள் எல்லைக்குள் இருந்தன. வாங்கிய மூன்றாம் வாரம், பரந்தனிலிருந்து விசுவமடுப் பக்கம் போகையில் குறுக்கே மாடு ஒன்று வந்தது. பிரேக்கை மிதித்ததும் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வீதிக்கரையில் போய் நின்றது. கழற்றிப் பார்த்தபோது வலப்பக்கப் பின்சில்லின் பிரேக் சிலிண்டர் ஒழுகி, பிரேக் சூ முழுவதும் எண்ணெயில் ஊறியிருந்தது. அது ஒரு நாளில் வந்த ஒழுக்கு அல்ல. அந்த நான்கு சான்றிதழ்களில் கடைசி இரண்டும் எழுதப்பட்ட நாட்களில்கூட அது இருந்திருக்கலாம்.

ஆகவே எல்லாத் தவறுகளுக்கும் அடியில் கிடக்கும் தவறை முதலில் சொல்ல வேண்டும். இலங்கையில் 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, பெற்றோல் காரின் சைலன்சர் வாயில் வரும் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். சொந்தப் பாவனைக் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கப்படுகின்றன. பேருந்துக்கும் லொறிக்கும் கேட்கப்படும் தகுதிச் சான்றிதழ் சொந்தக் காருக்குக் கேட்கப்படுவதில்லை. பிரேக் பிடிக்கிறதா, ரயர் வெடித்திருக்கிறதா, ஸ்ரியரிங் ஆடுகிறதா என்பவற்றைச் சொந்தக்காரர் தாமாகப் பார்த்தாலன்றி வேறொருவரும் பார்க்கப் போவதில்லை.

இரண்டாவது தவறு தொலைபேசி வழியாக வருகிறது. எங்கள் வீடுகள் பலவற்றுக்கு லண்டனிலோ கனடாவிலோ ஓர் உறவு இருப்பதால், கார் வாங்கப்போகிறோம் என்றதும் அங்கிருந்து ஆலோசனை வந்துவிடும். "அது நல்ல கார், இங்கே எம்.ஓ.ரி. இலேசாகப் பாஸ் பண்ணும்" என்று என் மைத்துனரும் அன்போடுதான் சொன்னார். பிரித்தானியாவின் எம்.ஓ.ரி. பரிசோதனை 1960 இல் பத்து வருடம் கடந்த வாகனங்களுக்கெனத் தொடங்கி, 1967 இலிருந்து மூன்று வருடம் நிறைந்த கார்களுக்கு ஒவ்வொரு வருடமும் கட்டாயமாக உள்ளது. அதில் பிரேக், ஸ்ரியரிங், சஸ்பென்ஷன், விளக்குகள், இருக்கைப்பட்டி, அடிப்பாகத் துரு, புகை எல்லாம் பார்க்கப்படும். ரயரின் பூவில் 1.6 மில்லிமீற்றர் ஆழம் இல்லாவிட்டால் கார் தேறாது. பெறுபேறுகளை அந்நாட்டு அரசே வெளியிடுவதால், எந்த மாதிரி எவ்வளவு வீதம் சித்தியடைகிறது என்று யாரும் கணக்கிடலாம். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே வன்னிக்குக் கொண்டுவர முடியாது.

ஏனென்றால் அது வேறு கார். 2009 இலிருந்து சில வருடங்கள் பிரித்தானியாவில் விற்கப்பட்ட அல்டோ 996 சிசி என்ஜின் கொண்டது. ஏறத்தாழ அதே கார் அங்கே நிசான் பிக்சோ என்ற பெயரிலும் விற்கப்பட்டது. எங்கள் வீதிகளில் அதிகமாக ஓடுவது இந்தியாவின் மாருதி தயாரித்த 796 சிசி அல்டோ. பிற்காலத்தில் ஜப்பானிலிருந்து வந்தது 658 சிசி கொண்ட, அந்நாட்டின் சிறுவாகன வகுப்புக்கென்றே செய்யப்பட்ட இன்னோர் அல்டோ. மூன்றிலும் மூன்று சிலிண்டர்கள் என்பதும் பெயர் ஒன்று என்பதும் உண்மை. ஆனால் 796 சிசி என்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும், குறித்த தூரத்தில் மாற்றவேண்டிய ரைமிங் பெல்ற் இருக்கிறது, மற்ற இரண்டிலும் செயின் இருக்கிறது; உடலும் சஸ்பென்ஷனும் வேறு. செயின் உள்ள காரின் புகழைக் கேட்டு, பெல்ற் உள்ள காரை வாங்கி, பெல்ற்றை மாற்றாமலே ஓடியவர்களை நான் அறிவேன். எந்த அல்டோ என்பதைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்த பின்னர்தான் மற்றப் பேச்சு எதுவும் பேச வேண்டும்.

காரே ஒன்றாக இருந்தாலும் சித்தி வீதத்தை வாசிப்பதில் இன்னொரு வழுக்கல் உண்டு. நான்கு வருடக் காரையும் பதினான்கு வருடக் காரையும் ஒன்றாகக் கூட்டி எடுத்த வீதம், எந்த ஒரு காரைப் பற்றியும் சரியாகப் பேசாது. அங்கே கார்கள் தவறுவதற்கான பெரிய காரணங்களில் விளக்கும் ரயரும் முன்னணியில் நிற்கின்றன. எரிந்துபோன பல்ப்பும் தேய்ந்த ரயரும் காரின் குணத்தை விடச் சொந்தக்காரரின் கவனத்தையே அதிகம் காட்டுகின்றன. பரிசோதனைக்கு முதல் நாள் கராஜில் விட்டுத் திருத்திக் கொண்டுபோகும் காரும், ஒன்றும் பார்க்காமல் கொண்டுபோகும் காரும் அந்தக் கணக்கில் ஒரே வரிசையில் வரும். திருத்தக் கட்டாது என்று உடைத்துப் போட்ட கார்களோ அந்த வரிசைக்கு வருவதே இல்லை. இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில், வேறு நாட்டில் உடைத்துப் போடக்கூடிய வயதிலுள்ள கார்களும் இங்கே நல்ல விலைக்குக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தன. எனவே பத்து வருடம் கடந்த அல்டோவுக்கு அதன் மாதிரியின் பெயர் தரும் உத்தரவாதம் மிகச் சிறியது.

புகைப் பரிசோதனைக்குப் போகும்போது நாம் விடும் தவறுகள்

புகை கூடினால் உடனே ரியூன் பண்ணச் சொல்வது எங்கள் பழக்கம். வன்னியில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் என்ஜினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் கண்ட தலைமுறை இது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரில் ஒரு திருகைத் திருப்பிச் சத்தத்தைக் கேட்டே கலவையைச் சரிசெய்த மெக்கானிக்குகளின் கைத்திறமையால்தான் அன்று நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அல்டோவில் திருப்புவதற்கு அந்தத் திருகு இல்லை. பெற்றோலை எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. சைலன்சர் குழாயில் உள்ள ஒக்சிசன் சென்சர் சொல்வதைக் கேட்டு, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற நிறையளவில் கலவையை நிறுத்த அது முயல்கிறது. இப்படிப்பட்ட காரில் புகை கூடினால் ஏதோ ஒரு பாகம் பழுது என்று அர்த்தம். அதைத் தேடாமல் "கொஞ்சம் ரியூன் பண்ணித் தாருங்கள்" என்று கேட்பது பழைய காரின் வைத்தியத்தைப் புதிய காருக்குச் செய்வதாகும்.

தேடும்போது இரண்டு அளவுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காபனோரொட்சைட்டு கூடினால், பெற்றோல் கூடுதலாகவோ காற்று குறைவாகவோ போகிறது என்று எண்ணலாம். ஐதரோகாபன் கூடினால், கலவை எரியாமலே வெளியே போகிறது என்று எண்ணலாம். மூன்று சிலிண்டர் காரில் இந்த இரண்டாவது மிக முக்கியம்: நான்கு சிலிண்டரில் ஒரு பிளக் அடிக்காவிட்டால் போவது கால்பங்கு, அல்டோவில் போவது மூன்றில் ஒரு பங்கு. சும்மா நிற்கும்போது காரின் நடுக்கம் கூடியிருப்பதைச் சின்னக் கார் என்றால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிட்டு, புகையில் தவறிய பின், நச்சுப் புகையைக் குறைக்கும் பாகமான கொன்வேட்டரை மாற்றச் செலவழிக்கிறோம். பிளக், அதன் வயர், கொயில் ஆகியவற்றை முதலில் பார்த்திருந்தால் மிகக் குறைந்த செலவில் முடிந்திருக்கும். அதோடு, எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் எரிந்து அதை உள்ளே உருக்கிவிடும் என்பதால், ஒரு பிளக்கைக் கவனிக்காமல் விடுவதன் விலை மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

காற்று குறைவதற்கு எங்கள் ஊரில் வேறு காரணம் தேடத் தேவையில்லை. ஏ9 வீதியை விட்டு இறங்கினால் கிறவல் வீதிதான். ஆடி மாதத்தில் முன்னால் ஓர் உழவு இயந்திரம் போனால் செம்புழுதி கண்ணை மறைக்கும். கைநூலில் எயார் பில்ரர் மாற்றுவதற்குக் குறித்துள்ள தூரம் தார் வீதியில் ஓடும் காருக்கானது. புழுதியில் ஓடும் காருக்கு அதைவிட முந்தி மாற்ற வேண்டும் என்று அதே கைநூல் சொல்லும் வரியை நாம் வாசிப்பதில்லை. கடதாசிப் பில்ரரைக் கம்பிரசர் காற்றால் பலமாக அடித்துத் துப்புரவாக்குவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்தால், அதன் வழியே போகும் புழுதி சிலிண்டரைத் தேய்க்கும். தேய்ந்த சிலிண்டர் என்ஜின் எண்ணெயை எரிக்கத் தொடங்கும்.

குளிர்ந்த என்ஜினோடு பரிசோதனைக்குப் போவதும் நல்ல கார் தவறுவதற்கு ஒரு காரணமாகிறது. கொன்வேட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடான பின்னர்தான் வேலை செய்யத் தொடங்கும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் ஓடி, வரிசையில் அரை மணித்தியாலம் என்ஜினை நிறுத்தி வைத்திருந்துவிட்டு அளக்கக் கொடுத்தால், அந்த அளவு காரின் உண்மையான நிலையைக் காட்டாது. பதினைந்து இருபது நிமிடம் நல்ல வீதியில் ஓட்டிச் சூடாக்கி, முறை வருவதற்குச் சற்று முன் மீண்டும் என்ஜினை எழுப்பி வைத்திருங்கள்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு பிழைக்கும். பரிசோதனைக்கு முன் அதை ஒட்டுங்கள். அனுமதிப்பத்திரம் முடியும் நாளில் போகாதீர்கள், தவறினால் திருத்த அவகாசம் இராது. பெற்றோல் தாங்கியில் ஊற்றினால் புகை குறையும் என்று விற்கப்படும் திரவங்களைப் பழுதான பிளக்குக்கோ அடைபட்ட பில்ரருக்கோ மருந்தாக நம்பாதீர்கள். போத்தலில் விற்கும் பெற்றோலை அவசரத்துக்கன்றி வாங்காதீர்கள். 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வேறு வழி இருக்கவில்லை, ஆனால் மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் ஐதரோகாபனைக் கூட்டும், பிளக்கில் கரி படிய வைக்கும்.

புகையில் தெரியாதவை

ரயரைப் பூ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது உலர்வலயத்தில் ஆபத்தானது. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாத காரின் ரயரில் பூ அப்படியே இருக்கும், ஆனால் வெயிலில் கிடந்து பக்கச் சுவர் வெடித்திருக்கும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 2315 என்றால் 2015 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அந்த எண்ணைப் பார்க்காமல் கார் வாங்காதீர்கள். 796 சிசி அல்டோவின் 12 அங்குலச் சில்லு சிறியது; பெரிய சில்லு ஏறிக் கடக்கும் கிடங்கில் அது விழுந்து எழும்புவதால், சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ்ஷும் பந்து மூட்டும் (ball joint) கிறவல் வீதியில் முந்தித் தேயும். சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஆட்டம் கையிலேயே தெரியும்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பது அல்டோவின் பிரேக் அமைப்பு. டிஸ்க் கண்ணுக்குத் தெரிவதால் பார்க்கிறோம். மூடிக் கிடக்கும் டிரம்மை யாரும் திறப்பதில்லை. மாரியில் வெள்ளம் மூடிய மதகைக் கடந்து, கோடையில் புழுதியில் ஓடும் காருக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது பின் டிரம்மைக் கழற்றித் துடைத்து, சிலிண்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதால், மட்டம் சரியாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் ஓடிய காராயின், உப்புக் காற்றுக்குப் பிரேக் குழாயும் அடித்தகடும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று காரைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். அறுவடைக் காலத்தில் வீதியில் கிடக்கும் வைக்கோலின் மேல் ஓடினால், அது அடியில் சிக்கிச் சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். வீடு வந்ததும் குனிந்து பார்த்து இழுத்தெடுங்கள். ஏ9 வீதியோர முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் போகும் சாரதி குறைவு. அந்த ஐந்து நிமிடத்தில் ரயர்களையும் விளக்குகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். இரவில் மாடு படுத்திருக்கும் வீதிகளில் ஒற்றை விளக்கோடு ஓடுவது மிக ஆபத்தானது.

சான்றிதழைக் கோவையில் வைத்துவிட்டு அதிலுள்ள எண்களைப் பார்க்காமல் விடுவதும் ஒரு தவறுதான். சித்தி என்ற சொல்லுக்கு மேல், அளந்த அளவும் எல்லையும் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. போன வருடத்து ஐதரோகாபன் அளவை விட இந்த வருடம் இரட்டிப்பாகி, இன்னும் எல்லைக்குள் இருக்கிறது என்றால், அடுத்த வருடம் வரும் தோல்வியை அந்தத் தாள் இன்றே சொல்கிறது. நான் இப்போது அந்த எண்களை ஒரு கொப்பியில் வருடவாரியாக எழுதி, பக்கத்தில் பிளக், பில்ரர், எண்ணெய், பின் டிரம், பிரேக் எண்ணெய் மாற்றிய நாளையும் கிலோமீற்றரையும் குறித்து வைக்கிறேன். காரை விற்கும் நாள் வந்தால், சான்றிதழ்க் கோவையோடு அந்தக் கொப்பியையும் வாங்குபவரின் கையில் கொடுப்பேன்.