கொடைக்குப் போகும்போது காதைக் காப்பாற்றுவது எப்படி?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் சித்திரையும் ஆடியும் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் அம்மன் கொடை, சுடலை கொடைதான், கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், வேட்டு, தெரு முழுக்க மைக் செட். மறுநாள் காலையில் காது அடைத்துப்போய் உள்ளே 'கொய்ங்' என்று இரைந்தால், "கொடைன்னா அப்படித்தான், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த இரைச்சல் காது அடிபட்டதற்கான அடையாளம். உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழலுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன, சத்தத்தை நரம்புக்கு எடுத்துக் கொடுப்பவை அவைதான். செத்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் நின்று காது தெளிந்துவிட்டது போலத் தோன்றினாலும் உள்ளே கொஞ்சம் சேதம் தங்கியிருக்கலாம், அது வருஷா வருஷம் சேர்கிறது.

முதலில் சத்தத்தைக் கணக்கிடப் பழகுங்கள். போனில் சத்தம் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், துல்லியமாக இல்லாவிட்டாலும் சுமாராகக் காட்டும். அதுகூட வேண்டாம் என்றால், கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கிறது என்றால் 85 டெசிபலைத் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் 100 சாதாரணமாக வந்துவிடும், நடுச்சாமத்தில் எடுக்கும் சாமக்கொடையோ விடிய விடிய நடக்கும்.

அடுத்தது இடம். பந்தலுக்குள் போனதும் ஸ்பீக்கர் பெட்டி எங்கே, குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும், அதாவது மூன்று மீட்டரில் இருந்தவர் ஆறு மீட்டருக்குத் தள்ளிப்போனாலே தாங்கும் நேரம் நாலு மடங்கு ஆகிறது. காசில்லாத வைத்தியம் இது. வேட்டு வேறு கதை. பட்டாசுச் சத்தத்துக்கு அரசு வைத்த வரம்பே 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல். காதருகே வெடித்தால் ஒரே நொடியில் சவ்வு கிழியக்கூடும், மயிர்ச்செல்லும் போகும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேட்டுக்குக் கிட்ட நிற்பதைத் தயவுசெய்து விடுங்கள்.

சரி, முன்னாடிதான் நிற்க வேண்டும், சாமியாடுகிறவர் வீட்டுக்காரர், மேளக்காரர், மைக் செட் தம்பி என்றால்? காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பான் (இயர்பிளக்) வாங்குங்கள். பெரிய மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், ஹெல்மெட், கையுறை விற்கும் கடைகளிலும் இருக்கும், விலை ரொம்பக் குறைவு. பஞ்சை அடைப்பது பெரும்பாலும் மனத்திருப்திதான், சத்தத்தை அது அவ்வளவாகத் தடுக்காது. போடும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையைக் கழுவிவிட்டு அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சி போல உருட்டுங்கள், மடங்கக் கூடாது. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், காதுத் துளை நேராகும். உடனே உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை 30 வினாடி விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. மேளம் நன்றாகவே கேட்கும், காதைக் குத்தும் வீச்சு மட்டும் இறங்கும். சின்னக் காதுக்கு இது பொருந்தாது, பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் மாட்டும் காதுக் கவசம் வாங்குங்கள். கோயிலில் இதைப் போட்டால் மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள், மேளக்காரர்களுக்குத்தான் முதலில் வாங்கித் தர வேண்டும் என்பேன், வருஷம் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்கிறவர்கள் அவர்கள்.

நடுநடுவே தெருக்கோடிக்கு வந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டு விதி. திருவிழாவுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரைக்கும் தளர்த்தலாம். விழாக் கமிட்டியில் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கொடை இல்லாத நாளிலும் இதே கணக்குதான். மாவு மில், கல் கிரஷர், சங்கரன்கோவில் விசைத்தறி என்று வேலை பார்ப்பவர்கள் தினமும் அடைப்பான் போட வேண்டும். இயர்போனில் பாட்டு கேட்டுக்கொண்டே பீடி சுற்றும் அக்காமார் சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

குறும்பியை எடுக்கிறேன் என்று ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு எதையும் விடாதீர்கள், பஞ்சுக்குச்சியும் அதை உள்ளேதான் தள்ளும். குறும்பி காதுக்குக் காவல், தானாக வெளியே வரும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றவே கூடாது. குற்றாலத்திலோ ஆற்றிலோ குளித்தால் தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு வெளிக்காதைத் துடைத்தால் போதும்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், சளி அடைப்பு என்று தள்ளிப்போடாதீர்கள். மருந்து ஆரம்ப நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும். பேச்சு கேட்கிறது ஆனால் சொல் புரியவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றாலும் கேட்கும் திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முந்தின நாள் பெரிய சத்தத்தில் இருக்காமல் போங்கள், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரும். சத்தத்தால் வந்த குறை பெரும்பாலும் சோதனைத் தாளில் வரையும் கோட்டில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலி வரும் இடத்தில், ஒரு பள்ளமாகத் தெரியும், அதை டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள், அடுத்த வருஷம் ஒப்பிட அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.