பவர் டிக்கி மக்கர் பண்ணுதா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி கீல் பக்கத்துல இருக்குற ரப்பர் குழாயைப் பிரிச்சுப் பாருங்க

ஹெக்டர், ஹாரியர், ஃபார்ச்சூனர்னு இப்போ நிறைய வண்டியோட மேல் வேரியன்ட்ல பட்டனை அமுக்கினா தானா தொறந்து மூடுற டிக்கி வந்துடுச்சு. கொஞ்ச வருஷம் ஓடினப்புறம் அது நின்னு போச்சுன்னா பல இடத்துல முதல்ல சொல்றது "மோட்டார் போயிடுச்சு, செட்டா மாத்தணும்"னு தான். உடனே சரின்னு சொல்லிடாதீங்க. மோட்டார் சாகுறதை விட அதுக்குப் போற ஒயர் உள்ள அறுந்து கெடக்குறது தான் ரொம்ப சகஜம். ஒரு மல்டிமீட்டர், 21 வாட் பல்புல ஒயர் கட்டின டெஸ்ட் லேம்ப், ட்ரிம் கழட்ட ஒரு பிளாஸ்டிக் லீவர், இது போதும், முக்கால்வாசி பிரச்சனையை வீட்டு வாசல்லயே புடிச்சிடலாம்.

முதல்ல சுலபமானதை முடிச்சிடுங்க. சில வண்டில டேஷ்போர்டுலயோ ஸ்க்ரீன் மெனுலயோ பவர் டிக்கியை ஆஃப் பண்ற செட்டிங் இருக்கும், யாராவது தெரியாம தட்டி விட்டிருப்பாங்க. ஆட்டோமேட்டிக்னா கியர் P-ல இருக்கான்னு பாருங்க. பாதிலயே நிக்குது, ஆனா தினமும் கரெக்டா அதே உயரத்துல நிக்குதுன்னா அது ஃபால்ட்டே இல்ல, ஹைட் செட்டிங் மாறியிருக்கு.

அடுத்து பேட்டரி. வண்டி ஓடாம கொஞ்ச நேரம் நின்னப்புறம் 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், 12.2 வந்தாலே பாதி சார்ஜ் தான். வோல்டேஜ் கம்மியா இருந்தா மாட்யூல் (டிக்கியைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி) மோட்டாரை ஓட விடாது, வெறும் பீப் சத்தம் மட்டும் வரும். அப்புறம் ஃபியூஸ். மோட்டாருக்குப் பெரிய ஃபியூஸ் ஒண்ணு, மாட்யூலுக்குச் சின்னது ஒண்ணுன்னு பெரும்பாலும் ரெண்டு இருக்கும், ரெண்டையும் பாக்கணும், கண்ணால இல்ல, ஃபியூஸோட ரெண்டு தலைலயும் மீட்டர் வெச்சு. எரிஞ்சிருந்தா அதே ஆம்பியர் தான் போடணும். மறுபடி எரியுதுன்னா எங்கயோ ஷார்ட் இருக்கு, பெருசா ஒண்ணு போட்டு ஓட்டினீங்கன்னா அடுத்து ஒயரே எரியும்.

இதெல்லாம் ஓகேன்னா இப்போ அந்த ரப்பர் குழாய் (பூட்). மேல கீல் பக்கத்துல, கூரைல இருந்து டிக்கிக்குள்ள போற அந்த நெளிஞ்ச குழாய் தான். ஒவ்வொரு தடவை தொறந்து மூடும்போதும் உள்ள இருக்குற ஒயர் அத்தனையும் ஒரே இடத்துல மடங்கி மடங்கி நிமிருது, கடைசில செம்பு அறுந்துடுது. ஒரு நல்ல துப்பு சொல்றேன்: பின் வைப்பர், கண்ணாடில படியுற பனியைப் போக்குற டிஃபாகர், நம்பர் பிளேட் லைட், ரிவர்ஸ் கேமரா இதுக்கான ஒயரும் பெரும்பாலும் இதே வழியா தான் போகும். டிக்கியோட சேர்ந்து இதுல ஏதாவது ஒண்ணும் விட்டு விட்டு வேலை செய்யுதுன்னா வேற எங்கயும் தேடாதீங்க, நேரா இங்க வாங்க.

டிக்கியை முழுசா தொறந்து ஒரு கட்டையை முட்டுக் குடுத்துட்டு தான் கை வைக்கணும், அந்தக் கதவு நல்ல கனம், தலைல விழுந்தா விளையாட்டு இல்ல. ரப்பர் குழாயோட ரெண்டு முனையையும் நெம்பி எடுத்து, டேப்பைப் பிரிச்சு, ஒவ்வொரு ஒயரா ரெண்டு விரல்ல புடிச்சு மெதுவா இழுங்க. நல்ல ஒயர் விறைப்பா நிக்கும். உள்ள செம்பு அறுந்தது ரப்பர் பேண்ட் மாதிரி நீளும், வெளிய இன்சுலேஷன் பளிச்சுன்னு புதுசாட்டம் தெரியும், அதனால தான் பாத்தா தெரியாது, இழுத்தா தான் தெரியும்.

இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. மீட்டர்ல கன்டின்யூட்டி (ஒயர் அறுபடாம இருக்கான்னு பாக்குற மோடு) வெச்சா பீப் வருது, ஒயர் நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடுறாங்க. ஒரே ஒரு இழை ஒட்டிட்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஆனா மோட்டார் கேக்குற கரண்டை அந்த இழை தாங்காது. அதனால லோடு குடுத்துப் பாருங்க: டிக்கி பக்கம் இருக்குற பவர் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல அந்த 21 வாட் பல்பை மாட்டுங்க, மங்கலா எரிஞ்சா ஆள் சிக்கிட்டான். மாட்யூலோட எர்த்தையும் விடாதீங்க, மோட்டார் ஓடும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பல்பை பவர், எர்த் ஒயர்ல மட்டும் தான் வைக்கணும், சென்சார் ஒயர், டேட்டா ஒயர்ல வெச்சா மாட்யூலே காலி.

ரிப்பேர் பண்ணும்போது மடங்குற இடத்துல ஜாயின்ட் வரவே கூடாது. ரெண்டு பக்கமும் தள்ளி வெட்டி, அதே கனத்துல மெல்லிய இழை நிறைய உள்ள சிலிக்கான் ஒயர் போட்டு, ஜாயின்ட் எல்லாம் ஒரே இடத்துல குவியாம முன்னப்பின்ன வெச்சு, சூடு பண்ணா சுருங்கி இறுகுற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. இன்சுலேஷன் டேப்பை மட்டும் இறுக்கிச் சுத்திட்டு விட்டா சீக்கிரமே அதே வேலை திரும்ப வரும்.

ஒயர் நல்லாருக்கா? அப்போ டிக்கி என்ன பண்ணுதுன்னு கவனிங்க. தொறக்குறது நல்லா தொறக்குது, மூடும்போது மட்டும் பாதில திரும்புதுன்னா ஓரத்துல ஓடுற பிஞ்ச் ஸ்ட்ரிப் (நடுவுல ஏதாவது மாட்டினா உணர்ற ரப்பர் பட்டை) மேல சந்தேகப்படுங்க. தண்ணி உள்ள போயிருந்தா கை மாட்டிடுச்சுன்னு மாட்யூல் நினைச்சுக்கும். கப்ளரைக் (ஒயரை இணைக்குற பிளக்) கழட்டி இடது வலது ரெண்டு ஸ்ட்ரிப்போட ஓம்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப கம்மியா இருந்தா அது தான். முழுசா மூடி லாக் ஆகிட்டு உடனே தொறந்துக்குதுன்னா லாக்குக்குள்ள இருக்குற மைக்ரோ சுவிட்ச். டிக்கி தொறந்திருக்கும்போது ஸ்க்ரூடிரைவரால லாக் நாக்கை மூடுற பக்கம் தள்ளுங்க, ஸ்கேனர்லயோ (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) மீட்டர்லயோ டிக்கி ஓபன் சிக்னல் மாறணும். விரலை விடாதீங்க, உள்ள இழுக்குற மோட்டார் நசுக்கிடும், டெஸ்ட் முடிஞ்சதும் ஹேண்டில் அமுக்கி நாக்கை விடுவிச்சுட்டு தான் கதவை மூடணும். கொஞ்ச தூரம் நகர்ந்து நின்னா ஒரு பக்க ஹால் சென்சார் (மோட்டார் எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணுறது) எண்ணிக்கை வரல, ஸ்கேனர் லைவ் டேட்டால தெரியும். மழைக்காலத்துல தானா தொறந்துக்குதுன்னா வெளி ஹேண்டில் சுவிட்ச்சும் பம்பருக்கு அடியில காலை ஆட்டினா தொறக்க வைக்கிற கிக் சென்சாரும் தான், ஒவ்வொண்ணா கப்ளரைக் கழட்டி விட்டு ஓட்டிப் பாருங்க.

எல்லாம் முடிஞ்சு, கழட்டியிருந்த ஃபியூஸ், பேட்டரி திரும்ப மாட்டினதும் டிக்கிக்குத் தன்னோட இடம் மறந்திருக்கும். நிறைய வண்டில கையால முழுசா மூடி லாக் பண்ணிட்டு, பட்டன்ல ஒரு தடவை முழுசா தொறந்து மூடினா கத்துக்கும், சிலதுக்கு ஸ்கேனர் வேணும், மேனுவல்ல பாத்துக்கோங்க. அப்புறம் ஒரு துண்டை கெட்டியா சுருட்டி ஓரத்துல வெச்சு மூட விடுங்க. துண்டுல பட்டதும் நின்னு திரும்பினா தான் குழந்தைங்க இருக்குற வீட்டுல அந்தப் பட்டனை விட்டு வைக்கலாம், திரும்பலைன்னா சரியாகுற வரைக்கும் செட்டிங்ல ஆஃப் பண்ணிட்டு கையாலயே மூடுங்க.