அரபு மரபணுவும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும்: எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்

வளைகுடா நாடுகளில் சர்க்கரை நோயும் தொப்பையும் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு 'மரபணுதான் காரணம்' என்று ஒரு வரியில் பதில் சொல்லும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஏதோ ஒரு மரபணு வேறுபாட்டின் பெயர் இருக்கும், ஆபத்து இத்தனை மடங்கு என்று ஓர் எண் இருக்கும். படித்தவர் அதை அப்படியே நம்பிவிடுகிறார், வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறார். இந்த எண்களைப் பார்த்தவுடன் முதலில் கேட்க வேண்டியது, யாரிடம் எடுத்தது, எப்படி எடுத்தது என்பதுதான். அதைக் கேட்காமல் விடுவதால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பதை ஒரே நோயாக நினைப்பது அதில் முதல் தவறு. இது ஐந்து அளவுகளின் தொகுப்பு: இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பான எச்டிஎல். ரத்த அழுத்தம் 130/85, சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150, இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்கினால் அதுவும் ஒரு புள்ளி. ஐந்தில் மூன்று சேர்ந்தால் சிண்ட்ரோம் இருக்கிறது என்று எழுதுவார்கள். ஆகவே ஒருவருக்குத் தொப்பை, பிரஷர், சர்க்கரை என்று இருக்கலாம். இன்னொருவருக்கு டிரைகிளிசரைடு, எச்டிஎல், பிரஷர் என்று இருக்கலாம். இரண்டு பேருக்கும் பெயர் ஒன்று, உடம்புக்குள் நடப்பது வேறு. ஏபிஓஏ5 என்ற மரபணுவில் உள்ள ஒரு வேறுபாடு டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். அதனாலேயே அது சிண்ட்ரோம் ஆய்வுகளில் தலைகாட்டும். ஆனால் அதை 'மெட்டபாலிக் சிண்ட்ரோம் மரபணு' என்று எழுதினால், ரத்த அழுத்தத்துக்கும் இடுப்புக்கும் அதுதான் காரணம் என்ற அர்த்தம் வந்துவிடுகிறது.

இடுப்பு அளவிலும் ஒரு சிக்கல். அமெரிக்கப் பழைய வரையறையில் ஆணுக்கு எல்லை 102 செ.மீ., பெண்ணுக்கு 88. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐரோப்பியருக்கு 94, 80 என்று வைத்தது. அரபு மக்களுக்குத் தனித் தரவு போதவில்லை என்பதால், தற்போதைக்கு ஐரோப்பிய எல்லையையே பயன்படுத்தச் சொன்னது. ஒரே ஊரில் ஒரே ஆட்களை இந்த இரண்டு எல்லைகளால் அளந்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். அப்புறம் டேப் வைக்கும் இடம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், உடம்போடு ஒட்டி அளக்க வேண்டும். நீளமான அங்கிக்கு மேலே டேப்பைச் சுற்றினால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். ஓர் ஆண் 92-லிருந்து 95-க்கு மாற அதுவே போதும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து மரபணுவைப் படித்துவிட்டு, டேப்பில் கோட்டை விட்டால் என்ன பயன்?

அடுத்தது, 'அரபு மக்கள்' என்றால் ஒரே ரத்தம் என்று நினைப்பது. அரபு லீக்கில் 22 நாடுகள். மொராக்கோவில் வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் கலப்பு, சூடானில் ஆப்பிரிக்கக் கலப்பு, வளைகுடாவில் பாரசீகக் கலப்பு. கத்தார் எவ்வளவு சின்ன நாடு! அங்கேயே மரபணு ஆய்வு செய்தபோது பெதுயின் (பாலைவன நாடோடி அரபுகள்) பூர்வீகம், பாரசீகப் பூர்வீகம், ஆப்பிரிக்கப் பூர்வீகம் என்று மூன்று கூட்டங்கள் தெளிவாகப் பிரிந்தன.

டிசிஎஃப்7எல்2 மரபணுவின் கதை இதற்கு நல்ல பாடம். 2006-ல் ஐஸ்லாந்தில் சர்க்கரை நோயோடு இதற்குள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும்; இதில் ஆபத்தான வடிவத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆபத்து சுமார் 1.4 மடங்கு. அடுத்த ஆண்டே சென்னையில் நடந்த ஆய்விலும் தொடர்பு உறுதியானது. சவூதியில் 2008-ல் பார்த்தபோது தொடர்பு பலவீனம், அல்லது இல்லவே இல்லை. துனிசியாவிலும் பாலஸ்தீனத்திலும் பார்த்தால் மறுபடி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு 'அரபுகளுக்கு இந்த மரபணு பொருந்தாது' என்றும் எழுதினார்கள், 'பொருந்தும்' என்றும் எழுதினார்கள். எனக்கு நியாயமாகப் படும் விளக்கம் வேறு. இந்த மரபணு இன்சுலின் சுரப்போடு சம்பந்தப்பட்டது; ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருபவர்களிடம்தான் இதன் பங்கு பளிச்சென்று தெரியும். ஊரே பருமனாக இருக்கும் இடத்தில், எடையினால் சர்க்கரை வந்தவர்களின் கூட்டத்துக்குள் அது மறைந்துபோகலாம். மரபணு அதேதான், சுற்றுப்புறம்தான் வேறு.

சவூதியின் கிழக்கு மாகாணத்தில் இன்னொன்று நடக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அல் அஹ்சா, கதீஃப் பாலைவனச் சோலைகளில் ஒரு காலத்தில் மலேரியா இருந்தது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றும் ஜி6பிடி குறைபாடும் (சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதியின் குறைவு), சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் செல் மரபணுவும் அதனால் அங்கே அதிகம். ஜி6பிடி குறைபாடு உள்ளவரின் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்துபோகக்கூடும். மூன்று மாதச் சராசரி என்று நாம் எடுக்கும் எச்பிஏ1சி டெஸ்ட், சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. அணுவின் ஆயுள் குறைந்தால் ஒட்டுவதற்கு நேரமும் குறைவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தும் ரிப்போர்ட்டில் எண் நல்லதாகக் காட்டும். ஆக, இது ஆபத்தைக் கூட்டும் மரபணு அல்ல, ஆபத்தை மறைக்கும் மரபணு. அப்படிப்பட்டவர்களை 'சர்க்கரை இல்லாதவர்' பட்டியலில் சேர்த்துவிட்டு ஒப்பிட்டால் ஆய்வு முழுக்கவே சாய்ந்துவிடும். இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தவர் வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையை நேரடியாகப் பார்ப்பதே சரி.

சின்ன ஆய்வை பெரிதாக நம்புவதும் வழக்கமாகிவிட்டது. இருநூறு நோயாளிகள், இருநூறு ஆரோக்கியமானவர்கள், இருபது மரபணு வேறுபாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே இருந்தால் ஏற்கலாம் என்ற வழக்கமான அளவுகோலில் பார்த்தால், எந்தத் தொடர்பும் இல்லாதபோதுகூட சராசரியாக ஒன்று தற்செயலாக 'தொடர்பு உண்டு' என்று காட்டும். அந்த ஒன்றுதான் தலைப்பில் வரும். மரபணு முழுவதையும் அலசும் பெரிய ஆய்வுகளில் 10 கோடியில் 5 என்ற கடுமையான எல்லை வைத்திருப்பது இதற்காகத்தான். அரபு நாடுகளில் கூடுதலாக ஒன்று: ஒரே கபிலாவை (குலத்தை) சேர்ந்தவர்கள், ஒரே மருத்துவமனைக்கு வருபவர்கள், பெரும்பாலும் உறவினர்களாக இருப்பார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் முடிவு தவறும்.

சொந்தத்தில் திருமணம் செய்வதால்தான் இத்தனை சர்க்கரை என்ற பேச்சையும் இங்கே பார்த்துவிடலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொடுத்துப் பழகிய நமக்கும் இது சம்பந்தப்பட்டதுதான். சொந்தத் திருமணம் கூட்டுவது, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான பிரதி வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்களை. குவைத்தின் பெதுயின் குடும்பங்களில் அதிகம் காணப்படும் பார்டெட்-பீடில் நோய் அப்படிப்பட்டது: சின்ன வயதிலேயே பருமன், கூடுதல் விரல், மெல்ல மெல்லப் பார்வை இழப்பு. அங்கே ஒரு மரபணு பழுதானாலே போதும். நாற்பது வயதில் வரும் தொப்பையும் பிரஷரும் அப்படியல்ல. நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகின்றன. ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை என்றால் மரபணுவோடு ஒரே சமையலறையையும் அவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அந்தத் தள்ளல் எவ்வளவு? எஃப்டிஓ என்ற மரபணுவில் 2007-ல் கண்டுபிடித்த வேறுபாடு பருமனோடு சம்பந்தப்பட்டவற்றில் மிகப் பிரபலமானது. அதன் இரண்டு பிரதியும் உள்ளவர், ஒன்றுகூட இல்லாதவரைவிட சராசரியாக சுமார் 3 கிலோ அதிகம், அவ்வளவுதான். உடற்பயிற்சி செய்பவர்களிடம் பருமனை நோக்கிய அந்தத் தள்ளல் கால் பங்குக்கு மேல் குறைவதாக 2011-ல் இரண்டு லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஆய்வு காட்டியது. இதை குவைத்தின் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். முதல் கச்சா எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது 1946-ல். முத்துக் குளித்தும் ஒட்டகம் மேய்த்தும் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஏசி வீட்டிலிருந்து ஏசி காரில் ஏசி அலுவலகத்துக்குப் போகிறார்கள். 45 டிகிரி வெயிலில் நடக்கவும் முடியாது. மூன்று தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. மாறியது வாழ்க்கை.

அதனால் 'உங்கள் பருமன் ஆபத்து இத்தனை' என்று எச்சிலை வாங்கிச் சொல்லும் டெஸ்ட் கிட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல மரபணு வேறுபாடுகளைக் கூட்டி அவை போடும் ஆபத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியரின் தரவில் உருவானவை. கத்தாரில் 6,218 பேரின் முழு மரபணுவையும் படித்து 45 உடல் அளவுகளோடு ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆய்வில், ஐரோப்பிய மதிப்பெண்கள் கத்தாரியரிடம் அந்த அளவுக்குத் துல்லியமாக இல்லை என்று தெரிந்தது. துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கூடவே, தெற்காசிய ஆணுக்கு இடுப்பு எல்லை 94 அல்ல, 90. ஒரு டேப்பும் ரத்த அழுத்தக் கருவியும் ஒரு நாள் காலை ரத்தப் பரிசோதனையும் அந்தக் கிட்டைவிட அதிகம் சொல்லும்.

சரி, மரபணு டெஸ்டே வேண்டாமா என்றால், அதுவும் தவறு. கெட்ட கொழுப்பான எல்டிஎல் சிண்ட்ரோமின் ஐந்து அளவுகளில் இல்லை. ஆகவே ஒல்லியான, பிரஷர் இல்லாத, சர்க்கரை இல்லாத ஒருவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று போய்விடலாம். ஆனால் அவருக்கு எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்து, அப்பாவுக்கு நாற்பதுகளில் மாரடைப்பு வந்திருந்தால், குடும்ப வழி அதிகக் கொழுப்பு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். லெபனானில் இது கூடுதலாகக் காணப்படுகிறது; அங்கே பரவலாக உள்ள ஒரு குறிப்பிட்ட மாற்றத்துக்கு மருத்துவ உலகில் 'லெபனீஸ்' என்ற அடைமொழியே உண்டு. இங்கே ஒரு மரபணுதான் முடிவு செய்கிறது, மாத்திரையும் நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் கொழுப்பைப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே பார்த்துவிடுவது நல்லது.